மேல்வீடும் கீழ்வீடும்

நாங்கள் மேலே இருந்தோம். அண்ணையும் அக்காவும் கீழே இருந்தார்கள். ஜேர்மனியில், ஹம் நகரத்துக்கு வெளியே, சோள வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே இரண்டு குடும்பம் இருக்கும்படி கட்டிய ஒரு செங்கல் வீடு. பின்பக்கம் தோட்டம், தோட்டத்தில் ஒரு செர்ரி மரம், மரத்தின் கீழே ஒரு பழைய மர மேசை. அந்த மேசையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் வீட்டைச் சொல்லாமல் மேசையைச் சொல்ல முடியவில்லை.

அண்ணை என்று சொல்கிறேனே தவிர அவர் எனக்குச் சொந்தம் இல்லை. அக்கா அவருடைய மனைவி. ஜேர்மனிக்கு வந்த பிறகு பழக்கமானவர். நாங்கள் ஹம் நகரத்தில் ஒரு இருட்டு அறையில் இருந்த காலத்தில், ஒரு நாள் வந்து, "நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில மேல்வீடு காலியாகுது தம்பி, நாளைக்கே வந்து பார்" என்று கூப்பிட்டவர் அவர்தான். அடுத்த நாள் போய்ப் பார்த்தோம். அதற்குப் பிறகு வேறு வீடு பார்க்கவே இல்லை. எங்கள் மகள் அந்தப் படிகளில்தான் தவழ்ந்தாள். அண்ணையின் மகன் அந்தச் செர்ரி மரத்தில் இருந்துதான் விழுந்து கையை முறித்தான். இப்போது அவள் ஹனோவரில் வேலை செய்கிறாள், அவன் எசனில் இருக்கிறான்.

அண்ணை பஸ் ஓட்டினார். எங்கள் ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸைச் சில நாள் அவரே ஓட்டி வருவார். நான் பாண் என்கிற ரொட்டி செய்யும் தொழிற்சாலையில் காலை வேலை. வேலை முடிந்து அவருடைய பஸ்ஸில் ஏறினால் விடமாட்டார்.

"பாணே, ஏறு பாணே! பின்னுக்குப் போய் இரு. உன்ர மணத்துக்குச் சனம் பட்டர் தேடுது."

பஸ்ஸில் இருக்கும் ஜேர்மன்காரர்களுக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் அவர் சொல்லும் விதத்துக்குச் சிரிப்பார்கள். எனக்குக் காது சூடாகிவிடும். பின்னால் போய் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதனால்தானோ, பிறப்பிலேயே அப்படியோ தெரியாது, நாலு பேர் நடுவில் எனக்குக் கதை வராது. ஒருவர் பகிடி விட்டால் அதற்குப் பதில் எனக்குப் படி ஏறி வீட்டுக்குள் போன பிறகுதான் நினைவில் வரும். அண்ணைக்கு அது தெரியும். சில நேரம் கீழே இருந்து கூப்பிட்டுக் கேட்பார்: "தம்பி, இப்ப பதில் வந்திட்டுதோ? வந்தால் சொல்லு, நான் சிரிச்சுப்போட்டுப் படுக்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேசையில் முந்நூற்றி நாலு விளையாடுவோம். அது எங்கள் ஆட்களின் சீட்டாட்டம். நாலு பேர் வேண்டும். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஏலத்தில் கேட்பதுபோலக் கேட்க வேண்டும். கூடுதலாகக் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் கவிழ்த்து வைப்பார். அதன் இனம்தான் மற்றச் சீட்டுகளை வெல்லும் துரும்பு. அது என்ன சீட்டு என்று வைத்தவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எதிரில் இருக்கும் கூட்டாளிக்கும் தெரியாது.

நானும் அண்ணையும் ஒரு பக்கம். அக்காவும் இஞ்சினியர் தம்பியும் மறுபக்கம். புருசனும் பெண்சாதியும் கூட்டாளியாக இருந்தால் ஆட்டம் முடியுமுன் சண்டை வந்து சமையல் நின்றுவிடும் என்று அக்கா அப்படிப் பிரித்துவிட்டிருந்தார். இஞ்சினியர் தம்பி தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. ஊரின் மறுகரையில் ஒரு அறை எடுத்து இருந்து, ரயிலில் வேலைக்குப் போய்வந்தார். முதல்முறை தோட்டத்துக்கு வந்தபோது எங்கள் இலங்கைத் தமிழைக் கேட்டு இடையிடையே தலையைச் சொறிந்தார். இரண்டு மாதத்தில் எங்களையே சீட்டில் தோற்கடித்தார். என் மனைவி விளையாட மாட்டாள். வடை சுட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டே என் கையில் ஒன்றும் இல்லை என்று அக்கா கண்டுபிடித்துவிடுவார்.

அண்ணைக்குக் களவாகச் சாடை காட்டாமல் விளையாட வராது. பெரிய சீட்டு இருந்தால் காதைத் தடவுவார். எனக்கு அது நேரத்துக்கு விளங்காது.

"தம்பி, நான் காதைத் தடவினால் என்ன?"

"காது கடிக்குதாக்கும் எண்டு நினைச்சன் அண்ணை."

"ஐயோ! இவனை வைச்சுக்கொண்டு நான் ஆரை வெல்லுறது?"

அக்கா உடனே பிடித்துக்கொள்வார். "களவு செய்யிறதையும் ஊரறியக் கத்திக்கொண்டு செய்யிற மனுசன். இவரை நம்பியும் ஒரு பஸ்ஸைக் குடுத்திருக்கிறாங்கள்."

"அக்கா, இது சீட்டிங்தானே? இவங்களுக்கு பாயிண்ட் குறைக்கணும்" என்பார் இஞ்சினியர்.

"நீர் சும்மா இரும். நாலு சீட்டை எண்ணக் கொம்பியூட்டர் தேடுற ஆள்" என்பார் அண்ணை.

"நான் மனசுலயே எண்ணிட்டேன் அண்ணா. நீங்க அவுட்."

வீட்டுக்கார அம்மா பக்கத்தில், பழைய மாட்டுக் கொட்டிலைத் திருத்திக் கட்டிய சின்ன வீட்டில் தனியாக இருந்தார். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் மெஷின்கூடச் சத்தம் போடக்கூடாது. நாங்கள் போட்ட சத்தத்தை அவர் ஒருநாளும் தடுக்கவில்லை. யன்னலைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டு இருப்பார். ஒருமுறை அக்கா பாரைக் கருவாடு பொரித்தபோது, வயலுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் காஸ் கசிகிறது என்று போன் அடித்துவிட்டார்கள். மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பேர் ஒரு கருவியோடு வந்து வீட்டைச் சுற்றினார்கள். அண்ணை பொரித்த தாச்சிச் சட்டியோடு வெளியே போய், ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து அவர்களுடைய கருவிக்கு முன்னால் நீட்டினார். அதில் ஒருவர் வாங்கிச் சாப்பிட்டும் விட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கார அம்மா ஞாயிறு காலையில் எங்களைக் கண்டால், "இன்றைக்குக் காஸ் வருமா?" என்று கேட்பார்.

இப்படித்தான் எங்கள் காலம் போனது. எதை எடுத்தாலும் பகிடி. ஒருவருக்கு நோய் வந்தாலும் பகிடி, ஒருவருடைய கார் நின்றுபோனாலும் பகிடி. அது பிழை என்று நான் சொல்லவில்லை. அந்நிய ஊரில் அது இல்லாவிட்டால் மூச்சு முட்டியிருக்கும். ஆனால் பகிடிக்கு ஒரு குணம் உண்டு. அதற்குள் ஒரு விஷயத்தைப் போட்டால் மற்றவருக்கு அது விஷயம் என்று தெரியாது.

ஒரு வசந்த காலத்தில் வீட்டுக்கார அம்மா படியேறி மேலே வந்தார். இனித் தனியாக இருக்க முடியாது, ஹனோவரில் மகனுக்குப் பக்கத்தில் போகிறேன், வீட்டை விற்கப் போகிறேன் என்றார். வெளியாருக்குக் கொடுக்குமுன் எங்களிடம் கேட்க விரும்புவதாகச் சொன்னார். கோடை முடியும்வரை பொறுப்பாராம். பிறகு மெதுவாகப் படியிறங்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கேயும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். 

அந்த வீட்டை வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ஆசை என்றால், பாண் அடுக்கும்போதும் அந்த வீடுதான் கண்ணில் நின்றது. வாங்கினால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். நாங்கள் மேலே, அவர்கள் கீழே, நடுவில் மேசை. அண்ணையிடம் வாடகை கேட்கப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன். அதை அவரிடம் சொல்லும்போது அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் யன்னலைப் பார்த்துக்கொண்டு யோசிப்பேன்.

மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "திறப்புக் கையில வருமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது."

சாவி கையில் வருமுன் வாய் திறக்காதது எங்கள் ஆட்களிடம் புதிது இல்லை. வெளிநாட்டுப் பயணமோ, கலியாணப் பேச்சோ, வீடு வாங்குவதோ, முடிந்த பிறகுதான் சொல்வோம். முன்னமே சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், முடியாமல் போனால் மற்றவர்களுடைய வாய். மனைவியின் மச்சான் ஒருவர் கனடா போகப்போகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போகாமல் விட்டார். இன்றைக்கும் அவருடைய பெயர் கனடாதான். அவருடைய பிள்ளைகளுக்கும் கனடாவின் பிள்ளைகள் என்றுதான் பெயர்.

அடுத்த ஞாயிறு மேசையில் கதை வந்தது. அண்ணைதான் தொடங்கினார்.

"என்ன தம்பி, வீடு விக்கப் போகினமாம். நீ வாங்கன். நான் உனக்கு வாடகை தாறன்."

நான் சீட்டைப் பார்த்தேன். காது சூடாகியது. "எங்களுக்கெங்கால அண்ணை. நீங்கள் வாங்குங்கோ."

"எனக்கென்ன விசரே? கூரையைப் பாத்தனியே? ஒரு மழைக்குத் தாங்காது."

"வாங்கினால் இவர் மேல்வீட்டுக்கும் பஸ் விடுவார்" என்றார் அக்கா. "படியில ஏறி இறங்கச் சோம்பல்."

இஞ்சினியர் சிரித்துக்கொண்டே, "சரி, ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியா வாங்கிடுங்க அண்ணா. சிம்பிள்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அண்ணைதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். "இவனோட பாதி வாங்கினால் எந்தப் பாதி என்ர எண்டு கேட்டு நான் கிழவனாகிப் போவன். இறக்கு தம்பி, உன்ர கைதான்."

நான் சீட்டை இறக்கினேன். அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே சிரிப்போடு போய்விட்டது. இன்றைக்கும் அந்த இடத்தில்தான் என் மனம் போய் நிற்கிறது. நாலு பேர் இருந்தோம். ஒருவர் சரியாகச் சொன்னார். அவர் பகிடிக்குச் சொன்னார்.

வங்கியில் சந்திப்புக்கு டேர்மின் எடுத்து எங்களைக் கூட்டிப்போக மகள் ஹனோவரிலிருந்து வந்தாள். அங்கே இருந்தவர் நானும் மனைவியும் வாங்கும் சம்பளத்தையும், என் வயதையும் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். தனியே என்றால் இந்தக் கடன் தரமுடியாது, சம்பளம் உள்ள இன்னொருவர் சேர்ந்து வாங்கினால் பார்க்கலாம் என்றார். வெளியே வந்து ரயில் நிலையத்து வாங்குப் பலகையில் இருந்தோம்.

"அப்பா, அப்ப கீழ மாமாவோட சேர்ந்து வாங்கலாம்தானே?" என்றாள் மகள்.

மனைவி என்னை முந்திக்கொண்டாள். "சும்மா இரு. அவைக்கு வாங்கிற எண்ணமே இல்லை. நாங்கள் போய்க் கேட்டு அவை ஏலாது எண்டால், பிறகு ஒரு வீட்டில முகம் பாத்து இருக்கிறதெப்பிடி?"

"கேட்டால்தானே தெரியும் அம்மா."

"உனக்கு விளங்காது."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ரயில் வருகிறதா என்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாலையில் நான் தனியே வீட்டுக்கார அம்மாவிடம் போனேன். அரைகுறை ஜேர்மனில் சொன்னேன்: வாங்க விருப்பம், ஆனால் வங்கி கொடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன், தயவுசெய்து கீழே உள்ளவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சொல்ல மாட்டேன் என்று வாக்குத் தந்தார். தந்துவிட்டு, "ஆனால் நீங்கள் கீழே போய்ப் பேசிப் பாருங்கள்" என்றார். நான் வாசலுக்கு வந்த பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் அதையே சொன்னார். நான் இரண்டு முறையும் தலையாட்டினேன். எங்கள் பழக்கம் அது. பெரியவர்கள் ஒன்றைச் சொன்னால் கேட்டோம் என்று காட்டத் தலையாட்டுவோம். செய்வோம் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஏன் அவர் இரண்டு முறை சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. கீழே குடியிருப்பவர்களுக்கு அறிவிப்பது ஒரு மரியாதை என்று சொல்கிறார் என நினைத்தேன்.

கோடை போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டாடினோம். வீட்டைப் பற்றி அண்ணை ஒன்றிரண்டு பகிடி விட்டார். கூரை, பழைய குழாய், நிலவறைத் தண்ணீர் என்று ஒவ்வொரு குறையாகச் சொல்லிச் சிரித்தார். நானும் ஓம் ஓம் என்றேன். வாங்க முடியாத வீட்டை இருவரும் சேர்ந்து குறை சொல்லிக்கொண்டு இருந்தோம். செர்ரி அந்த வருடம் நிறையக் காய்த்தது. அக்கா வாளி வாளியாகப் பிடுங்கி, மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு, எங்கள் எல்லோருடைய வாயையும் எரித்தார்.

வீடு விற்றுப்போனது. வாங்கியவர்கள் இரண்டு பிள்ளைகளும் வயதான பெற்றோரும் உள்ள ஒரு ஜேர்மன் குடும்பம். நல்ல மனிதர்கள். இரண்டு வீட்டிலும் தாங்களே இருக்கப் போவதாகவும், சட்டப்படி உள்ள காலம்வரை நாங்கள் இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்கார அம்மா ஹனோவருக்குப் போகுமுன் எங்களை எல்லாம் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். பெட்டிகளுக்கு நடுவே மேசை போட்டு, பிளம்ஸ் கேக் வைத்திருந்தார். அண்ணை அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஹனோவரில் காஸ் நாறினால் எங்களுக்குப் போன் பண்ணுங்கள் என்றார். அம்மா சிரித்தார். பிறகு கோப்பைகளை நிரப்பிக்கொண்டே, இப்போது எல்லாம் முடிந்துவிட்டது, இனி அந்த வாக்கும் இல்லைதானே என்றார். அண்ணையின் கை கேக்கின் மேலேயே நின்றது.

அவர் சாதாரணமாகச் சொன்னார். நீங்கள் இருவருமே என்னிடம் வந்தீர்கள். இருவருமே வாங்க விரும்பினீர்கள். இருவருமே மற்றவருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டீர்கள். நான் இவரிடம் கீழே போய்ப் பேசுங்கள் என்றேன், அவரிடம் மேலே போய்ப் பேசுங்கள் என்றேன். இருவரும் தலையாட்டினீர்கள். பேசியும் சரிவரவில்லையாக்கும் என்று நினைத்து மகனிடம் விற்கச் சொன்னேன். எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.

அக்கா மட்டும் கேக் மிகவும் நன்றாக இருக்கிறது என்று ஜேர்மனில் சொன்னார். அதை இரண்டு முறை சொன்னார்.

வெளியே வந்ததும் பெண்கள் இருவரும் உள்ளே போய்விட்டார்கள். நானும் அண்ணையும் தோட்டத்து மேசையில் இருந்தோம். செர்ரி மரம் இலை கொட்டத் தொடங்கியிருந்தது. அண்ணை கேட்டார்:

"பாங்கில உனக்கு என்னவாம் சொன்னவங்கள்?"

"தனிய ஏலாதாம் அண்ணை. இன்னொரு ஆள் சேர்ந்தால் பாக்கலாமாம்."

"எனக்கும் அதைத்தான் சொன்னவன்." காதைத் தடவினார். "வாங்கிப்போட்டு உன்னட்ட வாடகை வாங்கிறேல்லை எண்டு இருந்தனான். அதுக்குப் பதிலா ஒவ்வொரு ஞாயிறும் உன்னை நாலு வார்த்தை கதைக்க வைக்கிறதெண்டு யோசிச்சனான்."

"நானும் அப்பிடித்தான் அண்ணை."

"என்ன, என்னைக் கதைக்க வைக்கவோ?"

"இல்லை, வாடகை."

அவர் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவரை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மேசையின் வெடிப்பில் இருந்த ஒரு இலைத் துண்டை நகத்தால் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"இஞ்ச பார் தம்பி. இனி ஒண்டும் ஒளிக்கிறேல்லை. ரெண்டு வீடு சேர்ந்து வாற இடமாப் பாப்பம். சரியோ?"

"ஓம் அண்ணை."

அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை வந்தது. வீடு போனாலும் ஆட்கள் போகவில்லை என்று ஒரு ஆறுதல்.

குளிர்காலம் முடியும் நேரம், என்னோடு பாண் அடுக்கும் ஒருவர், ஹம்மில் தன்னுடைய கட்டடத்தில் எதிரெதிரே இரண்டு வீடு காலியாகப் போகிறது என்றார். வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். மூன்றாம் மாடி. ஒரு கதவைத் திறந்தால் மற்றக் கதவு தெரிந்தது. தோட்டம் இல்லை, ஆனால் பின்பக்கம் பொதுவான புல்வெளியும் ஒரு வாங்கும் இருந்தன. பொறுப்பாளர் இரண்டையும் எங்களுக்கே தரலாம் என்றார். நான் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. முதலில் அண்ணைக்குத்தான் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வந்தேன். அன்றைக்கு வேறு ஆள் பஸ் ஓட்டினார். வீட்டுக்கு வந்து காலில் இருந்த சப்பாத்தையும் கழற்றாமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, ரெண்டு வீடு கிடக்கு. எதிரும் புதிரும். நாளைக்கே வந்து பாருங்கோ."

நான் அவ்வளவு வேகமாகக் கதைத்து அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. அக்கா அடுப்படியில் நின்றார், திரும்பிப் பார்க்கவில்லை.

"இரு தம்பி" என்றார் அண்ணை. நான் இருந்தேன். "எசனில மகன் ஒரு வீடு பாத்தவன். அவன்ர வீட்டுக்குக் கிட்ட. முந்தநாள் கையெழுத்து வைச்சாச்சு."

நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினேன்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு வந்தார். "இவரில பிழை இல்லைத் தம்பி. ஆக்கள் கனபேர் அந்த வீட்டைக் கேட்டவை. கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது. திறப்புக் கையில வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு நான்தான் மறிச்சனான்."

"ஓம் அக்கா. விளங்குது" என்றேன்.

விளங்கத்தான் செய்தது. அதே வார்த்தையை மேல்வீட்டில் என் மனைவியும் சொன்னவள்தானே. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். யாரைக் கோபிப்பது? அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடித்துவிட்டு, சப்பாத்தோடு மேலே போனேன்.

ஹம்மில் பார்த்த இரண்டில் ஒரு வீட்டை நாங்கள் எடுத்தோம். கடைசி ஞாயிறு வெயில் இருந்தது. உட்காரும் கதிரைகளை எல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டதால் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து அந்த மேசையைச் சுற்றி இருந்தோம். மேசை வீட்டோடு சேர்ந்தது, அதை ஒருவரும் கொண்டுபோக முடியாது. இஞ்சினியர் தம்பியும் வந்தார். அவருக்கும் தெற்கே வேறு வேலை கிடைத்திருந்தது. அதற்கு விண்ணப்பித்த நாளே எங்களுக்குச் சொல்லிவிட்டார்.

"நேர்முகம் போறதுக்கு முன்னமே சொன்ன ஆள் இவர் ஒருத்தர்தான்" என்றார் அண்ணை. "அதுதான் வேலை கிடைச்சிருக்கு."

"அண்ணா, எங்க ஊர்லயும் சொல்ல மாட்டாங்க. நான்தான் உளறிட்டேன்."

சீட்டுப் போட்டோம். ஏலத்தில் அண்ணைதான் கூடுதலாகக் கேட்டார். துரும்பைக் கையில் எடுத்தார். கவிழ்த்து வைக்காமல், எல்லோரும் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தார்.

"இந்தா பாருங்கோ. கிளாவர். ஒளிப்பு மறைப்பு இல்லை."

"அண்ணா, ரூல்ஸ்ல இது இருக்கா?"

"இருக்கோ இல்லையோ, இப்பக் காட்டி என்னத்துக்கு?" என்றார் அக்கா.

பகிடியாகத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற என் மனைவி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணை காதைத் தடவினார். அன்றைக்கு அது எனக்கு உடனே விளங்கியது. அந்தக் கையை நாங்கள் வென்றோம்.

போகும்போது சீட்டுக் கட்டை என்னிடம் தந்தார். "நீ வைச்சிரு. நான் வரேக்க எடு."

அது ஹம்மில் எங்கள் சமையலறை லாச்சிக்குள், கரண்டிகளோடு இருக்கிறது. எசன் தூரம் இல்லை. ரயிலில் ஏறினால் போய்விடலாம். ஆனால் அவர் பஸ் ஓட்டும் ஞாயிறு ஒன்று, என் முதுகு வலிக்கும் ஞாயிறு ஒன்று என்று போய்க்கொண்டிருக்கிறது. போனில் கதைக்கிறோம். நான் இப்போது முன்னைவிடக் கூடக் கதைக்கிறேன். மகள் வீடு மாறப் பார்க்கிறாள், வேலையில் மெஷின் நின்றது, எனக்கு வைத்தியரிடம் டேர்மின் இருக்கிறது என்று இன்னும் முடியாத காரியம் எல்லாவற்றையும் முன்னமே சொல்லிவிடுகிறேன். மனைவி பக்கத்தில் இருந்து கண்ணைக் காட்டுவாள். நான் பார்ப்பதில்லை.

போன கிழமையும் அண்ணை கேட்டார்.

"உன்ர எதிர்வீட்டுக்கு ஆரும் வந்திட்டினமோ தம்பி?"

கதவுக்கு வெளியே அந்த வீட்டுப் பிள்ளைகளின் சின்னச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. அவர்கள் வந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

"இன்னும் இல்லை அண்ணை" என்றேன்.